பிறந்தநாளுக்கு மொட்டைக் கேக் போதுமா?

ஒரு வாசகியின் கேள்வி:
மகளுக்கு அடுத்த வாரக் கடைசியில் பிறந்தநாள். அவளுக்குப் பிடித்தது நான் வீட்டில் செய்யும் சாதா வெண்ணெய்க் கேக்தான். மேலே ஐசிங் கிடையாது, பூ கிடையாது, வெறும் மொட்டைக் கேக். இந்த முறை என் பக்கம், அவர் பக்கம் என்று இரண்டு பக்கச் சொந்தங்களும் வருகிறார்கள். இருபது பேருக்கு மேல் இருப்போம். மொட்டைக் கேக்கை நடுவில் வைத்தால் என்ன நினைப்பார்களோ என்று இருக்கிறது. மூன்று அடுக்குக் கேக்குக்குச் செய்முறை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். முயன்று பார்க்கட்டுமா?

பிப்ரவரி 6, இரவு
வேண்டாம். பிறந்தநாள் அன்று புதுக் கேக் முயல்கிற வேலையே வேண்டாம். மகளுக்கு எது பிடிக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் என்ன கேள்வி?

பிப்ரவரி 6, இன்னும் கொஞ்சம் இரவு
கேக் மாதிரியே பதிலும் மொட்டையாக இருக்கிறது என்று ஒருவர் கேலி செய்திருக்கிறார். சரி, விளக்குகிறேன்.

எங்கள் வீட்டில் யார் பிறந்தநாளானாலும் ஒரே கேக்தான். ஆரஞ்சுத் தோல் துருவிப் போட்ட வெண்ணெய்க் கேக். அம்மா செய்து பழக்கிவிட்டது. நடுவில் லேசாக வெடித்திருக்கும். வெடிப்பின் ஓரம் கொஞ்சம் கருஞ்சிவப்பாக, மொறுமொறுவென்று இருக்கும். அந்தத் துண்டு யாருக்கு என்பதில்தான் சண்டையே. மற்றபடி அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

ஒரு வருஷம் தம்பி மனைவி ஆசைப்பட்டு அடுக்குக் கேக் செய்தாள். நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலையிலிருந்து அவள் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு அடுக்கு ஆற வேண்டும், இன்னொன்று வெந்துகொண்டிருக்கும், கிரீம் இளகும், திரும்பக் குளிர வைக்க வேண்டும். பிள்ளை நாலு தரம் வந்து கதவோரம் நின்றான். நாலு தரமும் "இரு கண்ணா, கிட்ட வராதே" என்றுதான் பதில். சாயங்காலம் எடுத்த படங்களில் அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்குப் பிறந்தநாள், யாருக்குப் பரீட்சை என்று தெரியாது.

அடுக்குக் கேக் தப்பு என்று சொல்லவில்லை. அது கை பழகியவர்களுக்கு. கை பழகாததை, இருபது பேர் காத்திருக்கிற நாளில், ஏன்?

பிப்ரவரி 7, காலை
அளவு கேட்டிருக்கிறார்கள். முட்டையை உடைத்து ஊற்றி எடை போடுங்கள். நாலு முட்டை சுமார் 200 கிராம் வரும். அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு மைதா. பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன். ஒரு சிட்டிகை உப்பு. ஒரு ஆரஞ்சின் தோல், உள்ளே இருக்கிற வெள்ளை படாமல் துருவியது. வெள்ளை சேர்ந்தால் கசக்கும். 8 அங்குல வட்ட டின், 170 டிகிரி செல்சியஸ், 40 முதல் 50 நிமிஷம். எடைக்கு எடை என்பதால் எழுதி வைக்கக்கூடத் தேவையில்லை.

பழைய பவுண்டு கேக்கின் கணக்கும் இதேதான். நாலிலும் ஒவ்வொரு பவுண்டு, அதாவது 454 கிராம். அதில் பேக்கிங் பவுடரே கிடையாது. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது ஏறுகிற காற்றும் முட்டையும்தான் கேக்கைத் தூக்கியாக வேண்டும்.

அதனால் அந்த அடிக்கிற வேலையில் மட்டும் அவசரப்படாதீர்கள். வெண்ணெய் 20 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். விரல் வைத்தால் குழி விழணும், விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. அடிக்க அடிக்க மஞ்சள் வெளுத்துக்கொண்டே வரும், பாத்திரத்தில் அளவு கூடியது கண்ணுக்கே தெரியும், கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் தயங்கித் தயங்கி விழும். தொட்டுத் தேய்த்தால் சர்க்கரை நறநறவென்றுதான் இருக்கும். அது கரையவில்லையே என்று கவலைப்பட்டு இன்னும் கால் மணி நேரம் அடிக்க வேண்டாம். வெண்ணெயில் சர்க்கரை கரையாது.

மைதா போட்ட பிறகு நேர் எதிர். மாவு மறைகிற வரை கலந்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் பசைத்தன்மை கூடி, கேக் ரப்பராகிவிடும்.

பிப்ரவரி 7, மதியம்
"முட்டை ஊற்றியதும் எனக்குத் திரிந்து போகிறதே?" முட்டை ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்திருக்கும். வெளியே எடுத்து வைத்து, சில்லிப்பு போனபின் ஒவ்வொன்றாகச் சேருங்கள். அப்படியும் திரிந்தால் மைதாவிலிருந்தே ஒரு ஸ்பூன் எடுத்துப் போட்டு அடித்தால் சேர்ந்துகொள்ளும். சேராவிட்டாலும் வெந்த பிறகு கேக் தின்னக்கூடியதாகத்தான் இருக்கும், கொஞ்சம் அடர்த்தியாக. கொட்டிவிடாதீர்கள்.

பிப்ரவரி 7, இரவு
பேக்கிங் பவுடர் இல்லை, சமையல் சோடா போடலாமா என்று ஒருவர். இந்தக் கேக்கில் வேண்டாம். சோடாவுக்குப் புளிப்பு வேண்டும். தயிர், மோர், எலுமிச்சை, வினிகர், இப்படி ஏதாவது. பேக்கிங் பவுடரில் சோடாவோடு அந்தப் புளிப்பும் உலர்ந்த தூளாகச் சேர்ந்தே இருக்கிறது. ஆரஞ்சுத் தோலில் இருப்பது மணக்கிற எண்ணெய், புளிப்பு இல்லை. வெறும் சோடா போட்டால் சோப்பு வாடை அடிக்கும்.

பேச்சோடு பேச்சாக: 1843இல் பேக்கிங் பவுடர் செய்தவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் பேர்ட் என்கிற இங்கிலாந்துக்காரர். பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்தார். மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது, அதற்காகச் செய்தார். அந்த அம்மாவுக்கு முட்டையும் ஆகாது. அதற்காக 1837இலேயே முட்டையில்லாத கஸ்டர்டு பவுடர் செய்திருந்தார். வீட்டுக்காரிக்காக இரண்டு டப்பா கண்டுபிடித்த மனுஷன். எங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அந்த அம்மா பாத்திரம் தேய்த்தாரா என்று போட்டிருக்கிறதா?" என்று கேட்டார்.

பிப்ரவரி 8
கேள்வி கேட்டவர் மனம் மாறி மொட்டைக் கேக்குக்கே வந்துவிட்டார். சந்தோஷம். 8 அங்குல டின்னுக்குப் பதில் 10 அங்குலம் வாங்கினால் இருபது பேருக்கு வருமா என்கிறார்.

இரண்டு அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கக் கணக்கில் ஏறும். 8க்கு 64, 10க்கு 100. அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். நாலு முட்டைக் கேக் ஆறு முட்டைக் கேக் ஆகிவிடும். 6 அங்குல டின் வைத்திருப்பவர்களுக்கு இதே கணக்கு தலைகீழ்: 36, ஏறக்குறைய பாதிதான், இரண்டு முட்டையும் கொஞ்சமும்.

ஆனால் என்னைக் கேட்டால் பெரிய டின்னே வேண்டாம். 8 அங்குலக் கேக் இரண்டாகச் செய்யுங்கள். டின் பெரிதானால் நடு வேகுமுன் ஓரம் காய்ந்துவிடும், உங்களுக்கு அந்த டின் பழக்கமும் கிடையாது. இரண்டாகச் செய்தால் ஒன்று மெழுகுவர்த்தி, பாட்டு, படம் எல்லாவற்றுக்கும். இன்னொன்றை அடுக்களையிலேயே முன்கூட்டித் துண்டு போட்டுவிடலாம். மகள் வெட்டி முடித்ததும் தட்டு தட்டாக வெளியே போகும். பசியோடு இருக்கிற சின்னப் பிள்ளைகளைக் காக்க வைக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 9
இது கேக் சமாசாரம் இல்லை, ஆனால் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் தம்பிக்கு இரண்டு நாள் இடைவெளியில் பிறந்தநாள், சேர்த்து ஒரே கேக்காக வைத்துவிடலாமா?

எனக்கும் அக்காவுக்கும் ஒரு நாள்தான் இடைவெளி. சின்ன வயதில் எப்போதும் கூட்டுக் கேக். மொட்டைக் கேக்தான் என்றாலும் பெயர் மட்டும் சர்க்கரைக் குழம்பால் எழுதுவார்கள். அக்கா மூத்தவள், அவள் பெயர் முதலில், நீட்டி நிதானமாக. என் பெயருக்கு வரும்போது இடம் தீர்ந்திருக்கும். கடைசி இரண்டு எழுத்து கேக்கின் விளிம்பு தாண்டிப் பக்கவாட்டில் இறங்கும். படத்தில் அந்த எழுத்துகள் தெரியாது. ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் "இது யார், பாதிப் பெயர்?" என்று இன்றும் கேட்கிறார்கள்.

எனவே என் தீர்ப்பு ஒருதலைப்பட்சம்தான்: சின்னதாக இருந்தாலும் இரண்டு கேக். இரண்டு முட்டைக் கேக் ஒன்று, அடுத்து இன்னொன்று. வேலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதானே.

இன்னொன்று. 23 பேர் கூடினாலே அதில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்பது பழைய கணக்கு. கேள்வி கேட்டவர் வீட்டில் வரப்போவது கிட்டத்தட்ட அத்தனை பேர். போட்டு வாங்கிப் பாருங்கள், சாப்பாட்டுக்கு முன் நேரம் போகும்.

பிப்ரவரி 10, காலை
மெழுகுவர்த்தியை ஊதலாமா கூடாதா என்று பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. நடுவில் நான் வரவில்லை, இப்போது வருகிறேன்.

2017இல் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஐசிங் தடவிய அலுமினியத் தாளில் மெழுகுவர்த்தி நட்டு, ஆட்களை ஊதச் சொன்னார்கள். வாயில் எச்சில் ஊற வேண்டும் என்று ஊதுவதற்கு முன் பீட்சா வேறு கொடுத்தார்கள். ஊதிய ஐசிங்கில் பாக்டீரியா சராசரியாக 1400 சதவீதம் அதிகம். கேட்டால் வயிற்றைப் புரட்டும். ஆனால் நம் வாயில் சாதாரணமாக இருக்கிற கிருமிகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. வீட்டு மனுஷர்களோடு நாள் முழுக்க ஒரே அறையில் உட்கார்ந்து பேசிச் சிரித்துவிட்டு, கேக்கில் மட்டும் பயப்படுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. சளி, காய்ச்சல் இருக்கிறவர் ஊதக் கூடாது. அது சரி.

மொட்டைக் கேக்கில் ஐசிங்கே இல்லையே, அதை யாரும் சொல்லவில்லையே!

பிப்ரவரி 10, இரவு
கோபித்துக்கொண்டவர்களுக்குச் சமாதானமாக ஒரு வழி. வெட்டப்போகிற கேக்குக்குப் பக்கத்தில் சின்னக் கிண்ணக் கேக் ஒன்றை வைத்து, மெழுகுவர்த்தியை அதில் நடுங்கள். ஊதியவருக்கே அது. இரண்டு கட்சிக்கும் திருப்தி. மேலே மெழுகு சொட்டுகிற தொல்லையும் இல்லை.

மதியம் ஒருவர், வயதுக்கு ஒரு மெழுகுவர்த்தி என்பதெல்லாம் கடைக்காரர்கள் கிளப்பிவிட்டது என்று எழுதியிருந்தார். அப்படிச் சொல்ல முடியாது. 1746இல் ஜெர்மனியில் ஸின்ஸென்டார்ஃப் என்ற பிரபுவின் பிறந்தநாளுக்கு, அடுப்பில் எவ்வளவு பெரிதாக வேக வைக்க முடியுமோ அவ்வளவு பெரிய கேக் செய்து, வயதுக்கு ஒன்றாக ஓட்டை போட்டு மெழுகுவர்த்தி நட்டு, நடுவில் ஒன்று கூடுதலாக வைத்ததாக அப்போதே பதிவாகியிருக்கிறது. பிரபு பிறந்தது 1700. ஆக 46ம் ஒன்றும். அத்தனையையும் ஒரே மூச்சில் அணைத்தாரா என்பதைத்தான் யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

பிப்ரவரி 11
எப்போது செய்வது? முந்தின நாள் சாயங்காலம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. வெண்ணெய்க் கேக் சூட்டில் தின்பதைவிட மறுநாள் நன்றாக இருக்கும். ஈரம் உள்ளே சமமாகப் பரவி, ஆரஞ்சு மணம் இறங்கியிருக்கும். சுடச்சுட வெட்டினால் உதிரும். டின்னில் பத்து நிமிஷம், அப்புறம் கம்பித் தட்டில் கவிழ்த்து முழுக்க ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில்.

ஃபிரிட்ஜ் வேண்டாம். குளிரில் வெண்ணெய் கெட்டியாகிவிடும், மாவுச்சத்தும் சீக்கிரம் விறைக்கும். கெட்டுப் போகாது, ஆனால் பழைய கேக் மாதிரி ஆகிவிடும். கிரீம் வைத்த கேக் என்றால் ஃபிரிட்ஜ்தான், வேறு வழியில்லை. மொட்டைக் கேக்குக்கு அந்தத் தலைவலியும் மிச்சம். எண்ணெய் ஊற்றிச் செய்கிற கேக் குளிரிலும் மெத்தென்று இருக்கும், எண்ணெய் உறையாததால்.

பிப்ரவரி 12
பிள்ளைகளை அடுக்களையில் சேர்க்கலாமா? கூடவே கூடாது என்றுதான் முதலில் எழுத உட்கார்ந்தேன். மாவு தரையெல்லாம், முட்டை ஓடு கேக்கில், வேலை இரட்டிப்பு. எழுதிக்கொண்டிருக்கும்போது சின்னவள் வந்து எட்டிப் பார்த்து, "ஆரஞ்சு துருவுறது நான்தான்னு போடுங்க" என்றாள். உண்மைதான், அது அவள் வேலை. பிறந்தநாள் அவளுடையதாக இருந்தாலும் அதை வேறு யாருக்கும் தர மாட்டாள். துருவியில் விரல் படாமல் எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பெரியவனுக்கு முட்டை உடைக்கிற வேலை. தனிக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைத்து அதிலிருந்து பாத்திரத்தில் ஊற்றுவது என்பது சட்டம். ஓடு விழுந்தாலும் எடுத்துவிடலாம்.

ஆக, சேர்க்கலாம், ஆளுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்து. எல்லாரும் எல்லாம் செய்தால்தான் ரகளை. பச்சை மாவை வழித்து நக்குவதற்கு மட்டும் விடாதீர்கள். பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்கிற கிருமி இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியும். வேகாத மைதாவும் பாதுகாப்பில்லை என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. பாத்திரத்தைத் தண்ணீரில் போட்டுவிடுங்கள், அழுதால் அழட்டும்.

பிப்ரவரி 13
வெட்டுவது பற்றி. இரண்டு பேருக்கு நடுவே ஒரு துண்டு என்றால் ஒருவர் வெட்டணும், மற்றவர் எடுக்கணும். மூன்று பேர் என்றால் வெட்டியவர் கடைசியில் எடுக்கணும். எங்கள் பிள்ளைகள் இதற்குப் பிறகு அடிஸ்கேல் இல்லாத குறையாக வெட்டுகிறார்கள்.

மிச்சக் கேக் காய்ந்துபோகிறதே என்று கேட்டவருக்கு ஒரு விசித்திரமான வழி. பிரான்சிஸ் கால்டன் என்ற விஞ்ஞானி 1906 டிசம்பரில் நேச்சர் இதழுக்கு, வட்டக் கேக்கை எப்படி வெட்டுவது என்று ஒரு கடிதமே எழுதினார். அப்போது அவருக்கு வயது 84. முக்கோணத் துண்டு போட்டால் வெட்டிய இரண்டு பக்கமும் காற்றில் காயும். அதற்குப் பதில் நட்ட நடுவில் குறுக்காக ஒரு பட்டையை எடுத்துவிட்டு, மீதிப் பாதிகள் இரண்டையும் ஒட்டித் தள்ளி, சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிட வேண்டும். வெட்டுமுகம் உள்ளே போய்விடும். மறுநாள் இதற்குக் குறுக்காக இன்னொரு பட்டை. இந்த மனுஷர் மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்கலாம் என்று கிளப்பிய யோசனையை ஏற்கவே முடியாது. கேக்கை வெட்டுவதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஐசிங் போட்ட கேக்கில் ரப்பர் பேண்ட் புதைந்துவிடும் என்பதைக் கவனித்தீர்களா? மொட்டைக் கேக்குக்கு இன்னொரு மதிப்பெண்.

பிப்ரவரி 14
ராத்திரி ஒருவர் கேட்டிருந்தார், நான் படித்துவிட்டுத் தூங்கவில்லை: "எல்லாருக்கும் கேக் செய்கிறீர்களே, உங்கள் பிறந்தநாளுக்கு யார் செய்கிறார்கள்?"

நான்தான். அம்மாவும் அவள் பிறந்தநாளுக்கு அவளேதான் செய்தாள், அப்போது எங்களில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. அவளுக்கு எந்தக் கேக் பிடிக்கும் என்றே நான் கேட்டதில்லை. இதுதான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டோம். ஒருநாள் ஏதோ பேச்சில் அக்காவிடம், எனக்கு எலுமிச்சைதான் இஷ்டம், உங்கப்பாவுக்கு ஆரஞ்சு என்பதால் அதையே போட்டேன் என்றாளாம்.

வீட்டில் ஒரே கேக் என்று இத்தனை நாளாகப் பெருமையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கேக் யாருடைய விருப்பம் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அளவு அதேதான். ஆரஞ்சுக்குப் பதில் இரண்டு எலுமிச்சையின் தோல், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த முறை அம்மாவுக்கு அதைச் செய்துகொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.

பிப்ரவரி 14, மதியம்
வீட்டில் கேக் செய்கிற மனைவியின் பிறந்தநாளுக்கு நீங்கள் செய்து தருவீர்களா, ஆண்கள் கை தூக்குங்கள் என்று சொன்னதும் இந்தக் கேள்வி பதில் பக்கமே அமைதியாகிவிட்டது. எடைக்கு எடை ஐயா. தராசு இருந்தால் போதும். மனைவிக்குத் தெரியாமல் செய்கிறேன் என்று ஓவனைப் பற்ற வைக்கவே தெரியாமல் நிற்காதீர்கள். ஒரு நாள் முன்னதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குச்சி விட்டுப் பார்த்தால் ஈரமாவு ஒட்டாமல் வரணும். பாதி நேரம் போகும் முன் ஓவன் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது, நடு அமுங்கிவிடும்.

பிப்ரவரி 17
கேள்வி கேட்டவர் வந்து எழுதியிருக்கிறார். இரண்டு கேக்கும் தீர்ந்தன. "ஐசிங் வைக்க மறந்துட்டீங்களா?" என்று ஒரே ஒருவர் கேட்டாராம். எந்தப் பக்கத்துச் சொந்தம் என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்க வேண்டாம். ஒரே பிறந்தநாள் உள்ள ஜோடியும் கிடைத்துவிட்டது: அவருடைய மாமனாரும் தங்கையின் கைக்குழந்தையும். ஆண்டுகள் 70க்கு மேல் இடைவெளி, தேதி ஒன்றுதான்.

இப்போது அடுத்த கேள்வி. நாத்தனார் பையனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, அவனால் அன்றைக்குக் கேக் தொட முடியவில்லை. அவன் பிறந்தநாள் ஏப்ரலில். இதே கேக்கில் முட்டையை விட்டுவிட்டுச் செய்யலாமா?

செய்ய முடியாது. இதில் கால் பங்கே முட்டைதான், அதை எடுத்துவிட்டால் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை. அவனுக்கு வேறு கேக். மைதா 190 கிராம், சர்க்கரை 200, கோகோ 25, சமையல் சோடா ஒரு டீஸ்பூன், உப்பு அரை. இன்னொரு பாத்திரத்தில் தண்ணீர் 240 மில்லி, எண்ணெய் 80 மில்லி, வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன், வெனிலா கொஞ்சம். இரண்டையும் கலந்ததுமே சோடாவும் வினிகரும் வேலையைத் தொடங்கிவிடும். அதனால் ஓவனை முதலில் சூடாக்கி வைத்துவிட்டு அப்புறம் கலக்க வேண்டும். 8 அங்குலச் சதுர டின், 175 டிகிரி, 30 முதல் 35 நிமிஷம். ஒவ்வாமை என்பதால் கரண்டி, பாத்திரம், டின் எல்லாம் நன்றாகக் கழுவி எடுத்தது, முட்டை மாவு பட்டது எதுவும் கூடாது. வாங்குகிற கோகோ டப்பாவிலும் வெனிலாவிலும் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம் செய்து அவனையே சாப்பிடச் சொல்லுங்கள். பிடித்திருக்கிறதா என்று அவனிடமே கேளுங்கள், அவன் அம்மாவிடம் இல்லை.